கேட்டைத் தாண்டினால் இறங்கும் பிரேக்

எனக்கு எழுத்து அதிகம் வராது. எட்டாவதோடு நின்றவன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் பிரேக் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். அங்கே இப்போது ஃபோர்மேனாக இருக்கும் சேகர் போன வாரம் வீட்டுக்கு வந்தான். புது ஸ்கேனர் வந்திருக்கிறதாம். வண்டியில் மாட்டினால் தலைமை ஆபீசுக்கே விவரம் போய்விடுகிறதாம். எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று அங்கிருந்தே பதில் வருகிறதாம்.

“பதில் வரலன்னா?” என்று கேட்டேன்.

“அதுக்குத்தாண்ணா உன்னாண்ட வந்தேன். அந்த கேட்டு வண்டி விஷயத்த எழுதிக் குடு. எல்லாரும் படிக்கட்டும். நான் சொன்னா ஊதிப் பெருசாக்குறேன்னு சொல்றானுங்க.”

சேகர் ஊதிப் பெரிதாக்குகிறவன்தான். அதனால் நானே எழுதுகிறேன்.

நான் தொழில் கற்றது லாரிகளில். செங்குன்றம் பக்கம் ஒரு பட்டறை. லாரிக்குக் காற்று பிரேக். காற்று கசிந்தால் சத்தம் கேட்கும். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வரும். காதும் கண்ணும் இருந்தால் போதும். அப்புறம் வேன்கள், டாக்ஸிகள். சிப்காட்டில் கம்பெனிகள் பெருகின. கம்பெனிக் கார்களும் பெருகின. இந்த ஒர்க்‌ஷாப்பைத் திறந்தார்கள், சேர்ந்தேன். கற்ற காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான்.

கார்களில் ஏ.பி.எஸ். வந்தபோது எங்களுக்குப் பயமாக இருந்தது. விஷயம் ஒன்றும் பெரிதில்லை. அவசரமாக பிரேக் மிதித்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும், வண்டி வழுக்கும். அந்த நேரத்தில் ஒரு சின்ன வால்வு திறந்து அந்தச் சக்கரத்தின் பிரேக் ஆயிலைக் கொஞ்சம் வெளியே விடும். சக்கரம் மறுபடி சுற்றும். வெளியே விட்ட ஆயில் ஒரு சிறிய அறையில் போய் நிற்கும். ஒரு பம்ப் அதை எடுத்துப் பழைய இடத்துக்கு அனுப்பும். சக்கரத்துக்கு இரண்டு வால்வு. ஒன்று ஆயிலை உள்ளே விடுவது, மற்றது வெளியே விடுவது. வால்வு, அறை, பம்ப் எல்லாம் உள்ளங்கையில் அடங்கும் ஓர் அலுமினியக் கட்டிக்குள் இருக்கும். யூனிட் என்போம். அதைப் பிரிக்க முடியாது. பிரித்துப் பார்த்துப் பழகியவனுக்கு அதுதான் பயம். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. சத்தம் வராது. ஒரு சொட்டு வெளியே ஒழுகாது.

அந்தப் பயத்தைப் போக்கியவர் தேவகி மேடம்.

சர்வீஸ் மேனேஜராக வந்தார். ஆட்டோமொபைல் படித்தவர். வீடு திருநின்றவூரில். அங்கிருந்து தினமும் ரயில் மாறி வந்து போவார். குரலை உயர்த்த மாட்டார். ஷூவில் கிரீஸ் பட்டால் துடைக்க மாட்டார். மெக்கானிக் யாராவது வந்து “மேடம், மாஸ்டர் சிலிண்டர் போயிடுச்சு” என்றால், “எப்படித் தெரியும்?” என்று கேட்பார். கேலி இருக்காது. பதில் வரும்வரை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதலில் எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. சேகர் அவருக்கு ‘எப்டித்தெரியும் எக்ஸ்பிரஸ்’ என்று பேர் வைத்தான். அது அவர் காதுக்கும் போனது. “எக்ஸ்பிரஸ் இல்ல சேகர், பாசஞ்சர். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கும்” என்றார். அதோடு அந்தப் பேர் போயிற்று.

இன்னொரு வழக்கமும் அவருக்கு உண்டு. வண்டி கொண்டு வந்தவர் பேசும்போது யாரும் குறுக்கே பேசக் கூடாது. நாங்கள் பாதி கேட்டதும் மீதியை நாமே சொல்லிவிடுவோம். “பிரேக் டைட்டா? சத்தம் வருதா? சரி சரி, வண்டிய வுட்டுட்டுப் போங்க.” மேடம் அப்படிச் செய்ய மாட்டார். முழுதும் கேட்பார். சம்பந்தம் இல்லாததையும் கேட்பார்.

அவர் வந்த புதிதில் இரும்பு மில் ஒன்றின் கார் வந்தது. ஏ.பி.எஸ். லைட் எரிந்துகொண்டே இருந்தது. நானும் சேகரும் யூனிட் போய்விட்டது என்றே நினைத்தோம். மேடம் டிரைவரிடம் வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று கேட்டார். மில் ஷெட்டுக்குள்ளே, ரோலிங் நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் என்றார் அவர். மேடம் என்னைப் பார்த்தார். “சக்கரத்தைக் கழட்டுங்கண்ணா.”

கழற்றினேன். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்க அங்கே ஒரு சென்சார் இருக்கும். அதன் முனையில் காந்தம். அந்த முனையில் இரும்புத் தூள் தாடி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. துணியால் துடைத்தேன். லைட் அணைந்தது.

“யூனிட்ட மாத்தியிருந்தா லைட்டு திரும்ப வந்திருக்கும். அப்புறம் நாம சொல்றத யாரு நம்புவாங்க?” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து மில் வண்டி எது வந்தாலும் முதலில் சக்கரத்தைத்தான் கழற்றுவோம்.

இப்போது கேட் வண்டி.

பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பங்களிலிருந்து சிப்காட் கம்பெனி ஒன்றுக்குப் பெண்கள் வேலைக்கு வருவார்கள். மீன்பிடிக்கிற வீட்டுப் பெண்கள். அவர்களை ஏற்றி வர ஒரு பெரிய கார். அதைக் கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தவர் தாமோதரன் என்ற கான்ட்ராக்டர். ஓட்டுகிறவர் ஏகாம்பரம். முப்பது வயதுக்குள் இருப்பார். ஒல்லி ஆள், அதிர்ந்து பேச மாட்டார்.

அந்த வண்டி ஏற்கெனவே இரண்டு முறை எங்களிடம் வந்திருந்தது. பிரேக் பெடல் சில சமயம் பிடிக்காமல் உள்ளே போகிறது என்று. நானும் பார்த்தேன், சேகரும் பார்த்தான். பிரேக் பேட் நன்றாக இருந்தது. ஆயில் அளவு சரி. ஒழுகல் இல்லை. ஸ்கேனர் போட்டால் ஒரு பழுதும் காட்டவில்லை. ஓட்டிப் பார்த்தோம். கல் மாதிரி பிடித்தது. வண்டி நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினோம்.

மூன்றாம் முறை வந்தபோது வண்டியின் முன்பக்கம் நசுங்கியிருந்தது. ரயில்வே கேட்டுக்கு அப்பால் ரோடு வளைகிறது. வளைவில் ஒரு ஏரி மதகு. வண்டி மதகுச் சுவரில் இடித்து நின்றிருந்தது. யாருக்கும் அடி இல்லை. சுவர் இல்லாவிட்டால் தண்ணீர்தான். பெண்கள் அங்கேயே இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து வேலைக்குப் போய்விட்டார்கள். இனி இந்த டிரைவர் வண்டியில் ஏற மாட்டோம் என்று கம்பெனியிலும் சொல்லிவிட்டார்கள்.

அன்று தாமோதரனும் கூட வந்திருந்தார். ஏகாம்பரத்தை வைத்துக்கொண்டே பேசினார்.

“மேடம், ரெண்டு வாட்டி பாத்துட்டீங்க. வண்டி ஓகேன்னு உங்க ஆளுங்களே சொல்லிட்டாங்க. அப்போ கோளாறு வண்டில இல்ல, இவன் கால்ல கீது. தூங்கிக்கினே ஓட்றான். நசுங்கின டென்ட்ட எடுத்துக் குடுங்க, போதும். நாளைக்கி வேற ஆள போட்டுக்கறேன். இவன் இன்னொரு கம்பெனி கேட்டாண்ட போய் நிக்கட்டும், எவன் எடுக்கறான் பாக்கறேன்.”

“தூங்கல மேடம்” என்றார் ஏகாம்பரம். “அத்தினி பொண்ணுங்கள வெச்சிக்கினு எவனாச்சும் தூங்குவானா? ரயிலு கேட்ட தாண்டுனா பிரேக்கு எறங்குது. மறுவாட்டி மிதிச்சா புடிச்சிக்குது.”

தாமோதரன் சிரித்தார். “கேட்டுல பேய் குந்திக்கினு பிரேக்க புடிச்சி இழுக்குதா நைனா?”

சேகரும் சிரித்துவிட்டான். மேடம் சிரிக்கவில்லை.

“அவர் முடிக்கட்டும் சார்.”

ஏகாம்பரத்துக்கு ஒரு நாற்காலி போடச் சொன்னார். தானும் உட்கார்ந்தார்.

“கேட்டாண்ட என்ன பண்ணுவீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

“இன்னா மேடம் பண்ணுவேன்? மூடியிருந்தா நிப்பேன். தெறந்தா போவேன்.”

“நிக்கும்போது எஞ்சின்?”

“ஆஃப் பண்ணிடுவேன். கூட்ஸு போயி, அப்புறம் லோக்கல் போயி, அதுவரிக்கும் ஓடவுட்டா டீசலு இன்னாத்துக்கு ஆவறது? சாரு திட்டுவாரு.”

“ஆமா, நான்தான் சொன்னேன்” என்றார் தாமோதரன்.

“கேட்டு தெறந்திருந்தா? நிக்காம நேரா போற அன்னிக்கு?”

ஏகாம்பரம் யோசித்தார். வெகுநேரம் யோசித்தார். தாமோதரன் கைபேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். மேடம் காத்திருந்தார்.

“அன்னிக்கி ஒண்ணும் ஆவாது மேடம்” என்றார் ஏகாம்பரம். சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். “மெய்யாலுமே ஆவாது. மூடுன அன்னிக்கித்தான்.”

தண்டவாளத்தில் வண்டி குலுங்குவதால் ஏதோ ஆகிறது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். குலுக்கல் என்றால் கேட் திறந்திருந்தாலும் குலுங்கும். மேடம் என் பக்கம் திரும்பினார். “கோதண்டம் அண்ணா, வண்டிய எடுங்க. நான் வரேன்.”

ஒர்க்‌ஷாப்பிலிருந்து கிளம்பினோம். மேடம் எனக்குப் பக்கத்தில். எஞ்சினை நிறுத்தச் சொன்னார். ஸ்டார்ட் செய்யச் சொன்னார். ஓட்டினேன், மிதித்தேன். கல் மாதிரி பிடித்தது. மறுபடி நிறுத்து, ஸ்டார்ட், ஓட்டு, மிதி. அதே பிடி. ஒன்றும் இல்லை மேடம் என்று சொல்ல வாய் திறந்தேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் ரோட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, நீங்க ரெண்டு தடவ மிதிக்கிறீங்க.”

“இல்லயே மேடம். ஒரு வாட்டிதான்.”

“திரும்ப ஓட்டுங்க. நீங்களே பாருங்க.”

ஓட்டினேன். மனசைக் காலில் வைத்து மிதித்தேன். அவர் சொன்னது நிஜம். முதலில் பூப்போல ஒரு தட்டு. உடனே ஒரு மிதி. பழைய வேன், டாக்ஸி காலத்துப் பழக்கம். அந்த டிரம் பிரேக் வண்டிகளை அப்படித்தான் ஓட்ட வேண்டும். ஒரு தட்டுத் தட்டி, அப்புறம் மிதித்தால்தான் நிற்கும். அது காலில் ஊறிவிட்டது. எனக்குத் தெரியாமலே கால் செய்கிறது.

திரும்பி வந்ததும் மேடம் சேகரை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். அவன் காலும் அப்படித்தான். எங்கள் ஒர்க்‌ஷாப்பில் எல்லாக் காலும் அப்படித்தான். ஏகாம்பரம் டிரைவிங் ஸ்கூலில் புது வண்டியில் கற்றவர். ஒரே மிதி.

“நம்ம காலு பழுத மறைச்சிருக்கு” என்றார் மேடம். திட்டவில்லை. அவருக்கு அதில் ஒரு சந்தோஷம் கூட இருந்தது. சிக்கல் எந்த நுனியில் இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு வருகிற சந்தோஷம்.

அடுத்து ஏகாம்பரத்தை ஓட்டச் சொன்னார். சிப்காட்டுக்குள் கட்டடம் எழும்பாத மனைகள் இருந்தன. நடுவே ஆளில்லாத நேர் ரோடு. தாமோதரனையும் ஏறச் சொன்னார். எஞ்சினை நிறுத்தி ஸ்டார்ட் செய்து கிளம்பினோம். வண்டி சைக்கிள் வேகத்தைத் தாண்டியதும் முன்னால் எங்கோ ‘க்ர்ர்’ என்று ஒரு சத்தம். வண்டு பறந்த மாதிரி. மேடம் விரலை உயர்த்தினார். அந்தச் சத்தம் எல்லா வண்டியிலும் வருவதுதான். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்து கிளம்பும்போதும் யூனிட் தன் பம்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொள்ளும்.

“இப்ப மிதிங்க. ஒரே தடவ.”

ஏகாம்பரம் மிதித்தார். கால் போனது, போய்க்கொண்டே இருந்தது. வண்டி நிற்கவில்லை. அடுத்த மிதிக்கு நின்றது. நிற்க வேண்டிய இடம் பின்னால் எங்கோ இருந்தது.

தாமோதரன் முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். பயந்துவிட்டார் என்று நினைத்தேன். நிமிர்ந்தபோது முகம் வேறு மாதிரி இருந்தது. பாரம் இறக்கியவன் முகம்.

“நான் தூங்கல சார்” என்றார். தாமோதரனைப் பார்க்காமல் சொன்னார்.

கோளாறு இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்று தெரிய வேண்டும். இனி நான் செய்த வேலை. மேடம் சொல்லச் சொல்லச் செய்தேன்.

வண்டியை லிஃப்டில் ஏற்றினேன். சக்கரங்கள் தொங்கின. சேகர் ஸ்கேனரில் பம்பை மட்டும் ஓட்டினான். க்ர்ர். பெடலை ஒரு முறை மிதித்தேன், தட்டாமல். இறங்கியது. மறுபடி மிதித்தேன். கல். மறுபடி பம்ப், மறுபடி மிதி. இறங்கியது. நிற்கிற வண்டியிலேயே பழுதை வரவழைத்துவிட்டோம். பாதி வேலை முடிந்த மாதிரி.

“மாஸ்டர் சிலிண்டரா இருக்கலாமே?” என்று மேடமே கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு அவரே பதில் தேடுவார். பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து யூனிட்டுக்குப் போகும் பைப்புகளைக் கழற்றினேன். ஓட்டைகளுக்கு டம்மி நட்டுப் போட்டு அடைத்தேன். மிதித்துக் காலை அப்படியே வைத்திருந்தேன். பெடல் அசையவில்லை. மாஸ்டர் சிலிண்டர் நல்லது. பைப்பை மாட்டி, உள்ளே புகுந்த காற்றை எடுத்துவிட்டு மறுபடி பார்த்தோம். இறங்கியது. அப்படியானால் யூனிட்தான்.

நான் அத்தோடு விட்டிருப்பேன். யூனிட்டைப் பிரிக்க முடியாது, முழுசாகத்தான் மாற்ற வேண்டும். எந்த வால்வாக இருந்தால் என்ன? மேடம் விடவில்லை.

“யூனிட்னு சொன்னா நம்ம யூகம். எந்த வால்வுன்னு சொன்னாத்தான் நமக்குத் தெரியும்னு அர்த்தம்.”

ஆயிலை உள்ளே விடும் வால்வை ஸ்கேனரால் மூடி வைக்க முடியும். ஒரு சக்கரத்துக்கு அதை மூடினால் அந்தச் சக்கரத்துப் பக்கம் ஆயில் போகாது. அந்தப் பக்கம் எங்கே கசிந்தாலும் பெடலுக்குத் தெரியாது. முன் வலதை மூடினோம். பம்ப் ஓட்டினோம். மிதித்தேன். இறங்கியது. முன் இடது. இறங்கியது. பின் வலது. அதுவும் இறங்கியது. ஒவ்வொரு முறையும் வால்வு நிஜமாகவே மூடியிருக்கிறதா என்று மேடம் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தார். நான் பெடலை மிதித்திருக்கும்போதே சக்கரம் தாராளமாகச் சுற்றியது. மூடியிருக்கிறது. அடுத்தது.

பின் இடதை மூடினான் சேகர். பம்ப். மிதித்தேன்.

பெடல் நின்றது. காலுக்கடியில் கல்.

“திறங்க” என்றார் மேடம். திறந்து செய்தோம். இறங்கியது. மூடினோம். நின்றது. பின் இடது சக்கரத்தின் ஆயிலை வெளியே விடும் வால்வு சரியாக மூடவில்லை. கரன்ட் நன்றாகப் போகிறது. அதனால்தான் ஸ்கேனருக்குத் தெரியவில்லை. அதற்குக் கரன்ட் தெரியும், வால்வு முழுசாக மூடுகிறதா என்று தெரியாது.

மேடம் கையைத் துடைத்துக்கொண்டு நேராக ஏகாம்பரத்திடம் போனார். வண்டியின் சொந்தக்காரர் தாமோதரனுக்குச் சொல்லும் முன்பே, அவருக்குத்தான் முதலில் சொன்னார்.

“உங்க வண்டில ஒரு வால்வு லேசா கசியுது. கசியிற ஆயிலு வெளிய போகல, உள்ளயே ஒரு சின்ன ரூம் இருக்கு, அங்க போகுது. ரூம் நிரம்பிட்டா அதுக்கு மேல போக எடம் இல்ல, பிரேக் நல்லா புடிக்கும். நீங்க கேட்டாண்ட ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்றீங்க. கொஞ்ச தூரம் போனதும் பம்ப் ஓடி அந்த ரூமக் காலி பண்ணிடுது. அடுத்த மிதில ஆயிலு மொத்தமும் காலி ரூமுக்கு ஓடுது. கேட்டுல இருந்து அந்த வளைவு வரைக்கும் பிரேக் போட வேலையே இல்ல. மொத மிதியே வளைவுலதான்.”

“காலைல ஊட்டாண்டயும்தான் ஸ்டார்ட் பண்றேன். அங்க ஒண்ணும் ஆவலியே?”

“அங்க ரோடு எப்படி?”

“குப்பத்துல எங்க பாத்தாலும் வேகத்தடைதான். தொட்டுத் தொட்டுத்தான் போவணும்.”

“தொட்டுத் தொட்டே ரூம் ரொம்பிடுது.”

ஏகாம்பரம் தலையாட்டினார். அவருக்குப் புரிந்தது. எனக்கும் அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. பிரிக்க முடியாத பெட்டிக்குள் நடப்பதை மேடம் வீட்டுக் கதவைத் திறந்து காட்டுவது போலக் காட்டிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியைக் கண்டு நான் பயந்ததில்லை.

தாமோதரன் கைபேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு வழக்கத்துக்கு வந்தார்.

“சரி மேடம். யூனிட்டு வர்ற வரிக்கும் வண்டிய எடுத்துனு போறேன். ரெண்டு வாட்டி மிதிச்சி ஓட்டச் சொல்லிக்கறேன். ட்ரிப்பு நின்னா பேஜாரு.”

“வண்டி வெளிய போகாது சார்.”

“என் வண்டி மேடம்.”

“உங்க வண்டிதான். பிரேக் வேலை செய்யாதுன்னு தெரிஞ்சே நான் அனுப்ப முடியாது. இன்னொண்ணு. ரெண்டு தடவ நல்லாருக்குன்னு நாங்க சொன்னது தப்பு. இவர் சொன்னதுதான் சரி. கம்பெனில யார் கேட்டாலும் என்னக் கூப்பிடச் சொல்லுங்க. நானே சொல்றேன்.”

சர்வீஸ் மேனேஜர் ஒருவர், மெக்கானிக்குகள் எல்லாரும் நிற்க, எங்கள் பேச்சு தப்பு என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எங்களைக் காட்டிச் சொல்லவில்லை. நாங்கள் என்றுதான் சொன்னார். தாமோதரன் வண்டியை விட்டுவிட்டுப் போனார்.

யூனிட் வந்தது, மாற்றினேன். ஸ்கேனரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாகக் காற்று எடுத்தேன். வால்வு வாயில் என்ன சிக்கியிருந்தது என்று சேகர் கேட்டான். பழைய ரப்பரா, அழுக்கா? “தெரியாது. தெரியாதத சொல்ல வேணாம்” என்றார் மேடம்.

வண்டி சரியாகிவிட்டது. ஏகாம்பரத்தின் வேலை சரியாகவில்லை. தாமோதரன் போன் செய்தார். “என் மேல தப்பு இல்ல மேடம். நான் அவனத்தான் அனுப்பறேன்னேன். அந்தப் பொண்ணுங்கோ ஏற மாட்டேன்னுதுங்கோ. நான் இன்னா பண்ண?”

“எங்க ஏறுவாங்க, எத்தன மணிக்கு?” என்று கேட்டார் மேடம்.

மதிய ஷிஃப்டுக்குப் பெண்களை ஏற்றப் போகும் நேரம். ஏகாம்பரம் ஓட்ட, மேடம் முன்னால், நான் பின்னால். குப்பத்து பஸ் நிறுத்தத்தில் பெண்கள் நின்றிருந்தார்கள். வண்டியைப் பார்த்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி முன்னால் வந்தாள். நிர்மலா என்று பெயர். மற்றவர்கள் அவளைத்தான் பார்த்தார்கள்.

“நாங்க ஷேர் ஆட்டோல போய்க்கிறோம்ணா, நீ போ” என்றாள் ஏகாம்பரத்திடம். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

மேடம் இறங்கினார். யார் என்று சொன்னார்.

“நீங்கதான் ரிப்பேர் பண்ணீங்களா?”

“கை இவரோடது” என்று என்னைக் காட்டினார்.

“போன வாட்டியும் உங்க ஒர்க்‌ஷாப்புலதான நல்லாக்குதுன்னாங்க? அப்புறந்தான மதகுல உட்டாரு? இப்போ சரியாப் பூட்ச்சின்னு எப்டித் தெரியும்?”

சேகர் இருந்திருந்தால் சிரித்திருப்பான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

“கேக்க வேண்டிய கேள்விதான்” என்றார் மேடம். “போன தடவ நாங்க சொன்னது தப்பு. டிரைவர் தூங்கல. ஒரு வால்வு கசிஞ்சிது. இப்ப அத மாத்தியாச்சு. நான் பாத்தேன், இவர் பாத்தாரு. நீங்க பாக்கல. அதனால நான் மொதல்ல உக்காந்துக்கறேன்.”

கடைசி வரிசைக்குப் போய் மூலையில் உட்கார்ந்தார். அங்கிருந்து அவசரத்துக்கு இறங்க முடியாது. முன் சீட்டை மடக்கினால்தான் வழி.

நிர்மலா எட்டிப் பார்த்தாள். “இன்னாக்கா, அங்க பூந்து குந்திக்கின? அந்த சீட்டுல குந்துனா வாந்தி வரும், நாங்களே சண்ட போட்டுக்குவோம்.”

“வந்தா சொல்றேன்” என்றார் மேடம்.

ஒரு பெண் சிரித்தாள். நிர்மலா ஏறி மேடம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் மற்றவர்களும்.

கேட் மூடியிருந்தது. ஏகாம்பரம் எஞ்சினை நிறுத்தினார். கூட்ஸ் போனது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. யாரும் பேசவில்லை. கேட் திறந்தது. ஸ்டார்ட் செய்தார். தண்டவாளம் தாண்டியது. க்ர்ர் என்றது. நான் கேட்டேன், மேடமும் கேட்டிருப்பார். வளைவு தெரிந்தது. மதகுச் சுவரில் அன்று இடித்த வடு வெள்ளையாக இருந்தது. பெண்கள் எதையெதையோ பிடித்துக்கொண்டார்கள். ஏகாம்பரத்தின் காலைப் பார்த்தேன். ஒரே மிதி. வண்டி அடங்கியது. வளைவில் மெதுவாகத் திரும்பி ஏறியது.

கம்பெனி வாசலில் மற்றவர்கள் இறங்கி உள்ளே நடந்தார்கள். நிர்மலா மட்டும் ஏகாம்பரத்தைப் பார்த்து, “நாளைக்கி லேட்டா வராதண்ணா” என்றாள். வேலை நிலைத்தது என்று நான் நினைத்தேன்.

மேடம் அந்த வண்டியை முடிந்ததாகக் கணக்கில் வைக்கவில்லை. அடுத்த வாரம் என்னைக் கூப்பிட்டார். “ஒரு தடவ நின்னா போதாதுண்ணா. இன்னொரு தடவ போய்ட்டு வாங்க.”

போனேன். இந்த முறை முன் சீட்டில் நான். கேட் மூடியிருந்தது, நின்றோம், கிளம்பினோம். பின்னால் நிர்மலா லைன் சூப்பர்வைசர் ஒருவரைப் போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். “இன்னாம்மா, பாத்ரூம் போனா அங்கயே ஊடு கட்டிக்கினியா?” என்று குரலை மாற்றிச் சொன்னாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருத்தி வேறு யாரையோ செய்து காட்டச் சொன்னாள்.

திரும்பி வந்தேன். மேடம் ஒரு வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்.

“வளைவுல எப்படி இருந்துச்சு?”

“யாரும் பேச்ச நிறுத்தல மேடம்.”

டார்ச்சை அணைத்துவிட்டு வெளியே வந்தார். “அப்போ சரியாயிடுச்சு” என்றார்.